நாவல்: ஒரு மரப்பெயரின் வரலாறு

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூர் நாவல் மரத்தால் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள பக்தஜனேசுவரர் கோயிலின் தலமரமும் நாவலே. மலையாளத்தில் இம்மரம் ‘ஞாவல்’ எனப்படுகிறது. பழைய ‘ஞண்டு’ பின்னர் ‘நண்டு’ ஆனதை நோக்கினால், ஞகர முதலுடைய வடிவமே மூத்ததெனக் கொள்ள இடமுண்டு.

சொல்லின் ஈற்றிலுள்ள லகரம் வருமொழிக்கேற்ப மாறுகிறது. உயிரெழுத்து வந்தால் அதனோடு இயல்பாக இணைந்து ‘நாவலூர்’ என்றும், வல்லினம் வந்தால் றகரமாகி ‘நாவற்பழம்’ என்றும், மெல்லினம் வந்தால் னகரமாகி ‘நாவன்மரம்’ என்றும் நிற்கும். சொற்களை இணைக்க இடையில் வரும் ‘அம்’ சாரியையை ஏற்று, வடமொழியின் ஜம்புத்வீபத்துக்கு நிகரான ‘நாவலந்தீவு’ பிறந்தது. மக்கள் வாயில் வழங்கும் ‘நாகப்பழம்’ என்பதும் நாவற்பழத்தின் திரிபேயன்றி, அதற்கும் நாகப்பாம்புக்கும் தொடர்பில்லை.

திருநாவலூரில் பிறந்து, திருமுனைப்பாடி நாட்டு மன்னர் நரசிங்கமுனையரையரால் வளர்க்கப்பட்ட சுந்தரர், பதிகங்களின் இறுதிப் பாடலில் தம்மை ‘நாவலூரன்’ என்றும் ‘நாவலாரூரன்’ என்றும் குறிப்பிடுகிறார். பின்னதில் ‘ஊர்’ என்னும் பகுதி இல்லாமலேயே ‘நாவல்’ ஊரைச் சுட்டுகிறது. ‘ஆரூரன்’ அவரது இயற்பெயர். அவர் தம்மைக் குறிக்கும் ‘நாவலர்கோன்’ என்னும் தொடரே கூர்ந்து நோக்கத்தக்கது. அதனை ‘நா’, ‘வல்’, ‘அர்’ எனப் பிரித்தால் சொல்வன்மை உடையோரின் தலைவன் என்றும், ‘நாவல்’, ‘அர்’ எனப் பிரித்தால் நாவலூராரின் தலைவன் என்றும் பொருள்படும். ஊரைச் சொல்லித் தம்மை அடையாளப்படுத்துவது அவர் வழக்கமாதலின் இரண்டாம் பிரிப்பே பொருத்தமானது. முதற்பொருள் அதன்மேல் அழகாக ஏறி நிற்கிறது.

முதலாம் பராந்தகச் சோழனின் மகன் இராசாதித்தன் இங்கே கற்றளி எடுப்பித்தான். அவன் 949இல் தக்கோலப் போரில் இறந்தான். அவன் பெயரால் ஊருக்கு ‘இராசாதித்தபுரம்’ என்னும் பெயரும் வழங்கியது. ஆயினும் இளவரசன் பெயர் மறைய, மரத்தின் பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் அதுவும் சிதைந்து, ஆங்கிலேயர் காலக் கல்வெட்டுப் பதிப்புகளில் ஊர் ‘திருநாமநல்லூர்’ எனப்படுகிறது. வகரம் மகரமாகத் திரிந்தபின் மரப்பெயர் புலப்படாமல் போகவே, வழக்கிலிருந்த ‘திருநாமம்’, ‘நல்லூர்’ என்னும் சொற்களைக் கொண்டு மக்கள் அதற்குப் புதுப்பொருள் கண்டனர் எனலாம். இன்றைய திருநாவலூர் என்னும் வடிவம் பழைய கல்வெட்டுகளும் தேவாரமும் காத்துத் தந்தது.