ஏட்டுக் கல்வியும் புறப்பாடப் பயிற்சியும்: நம் வரலாறு காட்டும் வழி

ஒரு கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும்போது, எத்தனை மாணவர் தேர்ச்சி பெற்றனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்று கணக்கெடுப்பது இயல்பு. அக்கணக்கு நமக்குப் பெருமை தருவதே. ஆயினும், மதிப்பெண் பட்டியலில் ஏறாத கல்வி ஒன்றும் உண்டு. பேச்சு மன்றம், படிப்பகம், விளையாட்டுத் திடல், நாடக மேடை, மாணவர் இதழ் ஆகியவற்றில் பெறும் பயிற்சியே அது. இதனைப் புறப்பாடம் என்று அழைக்கிறோம். 'புறம்' என்ற சொல்லைக் கேட்டவுடன், இது வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றும், நம் பிள்ளைகளுக்கு இதற்கு நேரமில்லை என்றும் கருதுவோர் நம்மிடையே பலர். அக்கருத்து சரியானதா என்பதற்கு நம் சமுதாய விடுதலை வரலாறே விடை கூறுகிறது.

கரும்பலகையும் பூங்காவும்

அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில் நிகழ்ந்த ஒன்றை அவருடைய வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். கணக்கொன்றைச் செய்து காட்டும்படி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே பிற மாணவர்கள் எழுந்தோடி, கரும்பலகையின் பின்னால் வைத்திருந்த தங்கள் உணவுப் பாத்திரங்களை அகற்றினர். பள்ளியில் இடம் கிடைத்தது, பாடமும் கிடைத்தது. ஆனால் பலர் முன்னிலையில் எழுந்து நின்று தன் அறிவைக் காட்டும் உரிமை இயல்பாகக் கிடைக்கவில்லை.

அவருடைய அறிவு வளர்ந்தது பெரும்பாலும் பாடநூலுக்கு வெளியேதான். சர்னி ரோடு பூங்காவில் தனியே அமர்ந்து படிக்கும் சிறுவனை அங்கு வந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் கண்டு பழகினார். 1907ஆம் ஆண்டு அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தார். பின்னர் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கத் துணை நின்றவரும் அவரே. தேர்வுக்குரிய நூலன்று அது; எனினும் அந்நூல் காட்டிய திசையில்தான் 1956இல் ஒரு பெருஞ்சமுதாயமே நடந்தது.

இங்கே நம் பெற்றோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. பாடநூலை விட்டுப் பிற நூல்களில் மகன் ஈடுபடுவது தந்தை இராம்ஜி சக்பாலுக்கு முழு உடன்பாடாக இல்லை. ஆயினும் மகன் கேட்ட நூலை வாங்க, மணமான தம் மகள்களின் நகையைப் பெற்று அடகு வைத்தார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுத்தார். வறுமை அவரைத் தடுக்கவில்லை.

விடுதியோடு பிறந்த இதழ்

1924ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் அண்ணல் நிறுவிய பகிஷ்கிருத இதகாரிணி சபையின் நோக்கங்களை இன்று படிப்போர் வியப்படைவர். மாணவர் விடுதிகள் அமைத்தல் என்பதோடு, நூல்நிலையங்கள், சமூக மையங்கள், படிப்பு வட்டங்கள் ஆகியவற்றால் பண்பாட்டை வளர்த்தல் என்பதும் அவற்றுள் இடம்பெற்றது. 1925 ஜனவரியில் சோலாப்பூரில் சபையின் விடுதி திறக்கப்பட்டது. உணவும் உடையும் எழுதுபொருளும் அளிப்பதோடு சபை நின்றுவிடவில்லை. மாணவர்கள் 'சரசுவதி விலாசம்' என்ற திங்களிதழை நடத்தினர். பம்பாயில் இலவசப் படிப்பகம் ஒன்று திறக்கப்பட்டது. சூதிலும் குடியிலும் இளைஞர் வீழாதிருக்க ஹாக்கிக் கழகமும் நடத்தப்பட்டது.

அடுத்த வேளை உணவுக்கே நிதி திரட்ட வேண்டிய நிலையிலிருந்த ஒரு சபை, இதழுக்கும் விளையாட்டுக்கும் இடம் ஒதுக்கியது ஏன்? நூற்றாண்டுகளாக வாய் திறக்க விடாமல் வைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள், எழுதவும் பேசவும் கூடிச் செயல்படவும் பழக வேண்டும் என்பதை அச்சபை அறிந்திருந்தது. பழக்கம் வகுப்பறைப் பாடத்தால் மட்டும் வருவதன்று.

ஆடுகளம் தந்த துணிவு

விளையாட்டுத் திடலில் சாதி இல்லை என்று சிலர் எளிதாகக் கூறிவிடுவர். பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை அதனை மறுக்கிறது. சமார் குலத்தில் பிறந்த அவர், பூனாவில் ஐரோப்பியர் கழகத்தின் ஆடுகளத்தைச் சீர்செய்யும் சிறு சம்பளப் பணியாளர். அங்கு வெள்ளை அதிகாரிகளுக்குப் பந்து வீசியே தம் கலையைக் கூர்மையாக்கினார். இந்து அணியில் இடம் பெற்ற பின்னரும், இடைவேளையில் அவருக்கு மட்டும் தனியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பினார். எனினும் தலைமைப் பதவி அவருக்கு மறுக்கப்பட்டே வந்தது.

1920இல் பாலு அணியிலிருந்து நீக்கப்பட்டு, தலைமையும் வேறொருவருக்குத் தரப்பட்டபோது, அவர் தம்பியர் விட்டல், சிவராம் இருவரும் விலகி நின்று, அதன் காரணத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டனர். 1923இல் விட்டல் இந்து அணிக்குத் தலைமையேற்று வெற்றி கண்டார். ஆடுகளம் தானாக நீதி வழங்கவில்லை. ஆனால் மறைக்க முடியாத திறமையையும், அநீதியை ஊரறியக் கேட்கும் துணிவையும் அச்சகோதரர்களுக்குத் தந்தது.

கல்லூரியில் ஒரு பாராளுமன்றம்

1945இல் அண்ணல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் முதற் கல்லூரியான சித்தார்த்தா கல்லூரி 1946இல் பம்பாயில் தொடங்கியது. அங்கு மாணவர் பாராளுமன்றம் ஒன்று இயங்கியது. நாட்டின் சட்ட அமைச்சராக இருந்த அண்ணலே 1950இல் அம்மன்றத்தில் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைப் பற்றி உரையாற்றினார். கரும்பலகைக்கு நடந்தபோது பிறர் உணவை அகற்றக் கண்ட அந்த மாணவர், தம் கல்லூரியில் மாணவர் எழுந்து நின்று வாதிடும் மன்றத்தைக் கண்டார் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

1950இல் அந்நாளைய அவுரங்காபாத்தில் தொடங்கிய கல்லூரியே பின்னர் மிலிந்த் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அதன் முதல்வர் ம. பி. சிட்னிஸ், தீண்டாமைக் கொடுமையைப் பொருளாகக் கொண்டு 'யுகயாத்ரா' என்ற நாடகத்தை எழுதினார். கல்லூரி மேடையில் பிறந்த அந்நாடகம், 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவக் கூடிய மக்கள் முன்னும் நடிக்கப்பட்டது. அதே கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய கங்காதர் பந்தாவணே 1967இல் 'அஸ்மிதா' என்ற இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு 'அஸ்மிதாதர்ஷ்' எனப் பெயர் மாறிய அவ்விதழ், மராத்தி தலித் இலக்கியத்தின் வளர்ப்புப் பண்ணையாயிற்று. தேர்வுத் தாளில் கேட்கப்படாத எழுத்து, ஓர் இலக்கிய இயக்கமாக வளர்ந்த வரலாறு இது.

நம் கடமை

இவை படிப்பைக் குறைப்பதற்குக் கூறும் சாக்குகள் அல்ல. நாள் முழுதும் நூலில் மூழ்கிக் கிடந்த அண்ணலின் பெயரைச் சொல்லித் தேர்வில் தவறுவோர் அவருக்கு இழுக்குத் தேடுவோரே. படிப்பு முதன்மையானது. ஆனால் பட்டம் பெற்றும் நேர்முகத் தேர்வில் தலைகுனிந்து, அலுவலகத்தில் அநீதி கண்டும் வாய் திறவாது, கூட்டத்தில் பின்வரிசை தேடும் இளைஞனுக்கு அப்பட்டம் பாதிப் பயனே தரும்.

பள்ளி விழாக்களில் பலகை தூக்கவும் கோடு போடவும் நம் பிள்ளைகள் அழைக்கப்படுவதும், மேடையேறிப் பேசவும் நடிக்கவும் பிறர் அழைக்கப்படுவதும் பல ஊர்களில் கண்ட காட்சி. அதைக் கண்டும் பெற்றோர் பேசாதிருந்தால், மேடை நமக்குரியதன்று என்று பிள்ளைகள் தாமே முடிவு கட்டிவிடுவர். எந்தப் பணியும் இழிவன்று. பணி மட்டுமே நமக்கு என்னும் ஒதுக்கீடே இழிவு. பெற்றோர் பள்ளிக்குச் சென்று, தம் பிள்ளைக்கும் பேச்சுப் போட்டியில் இடம் கேட்க வேண்டும்.

நம் சங்கத்தாலும் ஆகக்கூடியவை உண்டு. வாரம் ஒரு மாலை மாணவர் தாமே தலைமையேற்று நடத்தும் பேச்சு மன்றம், கையெழுத்து இதழ், மாலைதோறும் திறந்திருக்கும் படிப்பகம் ஆகியவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளுக்கும் இவற்றில் சரிபாதி இடம் வேண்டும். சோலாப்பூர் விடுதி மாணவர் பெருஞ்செல்வத்தைக் கொண்டு இதழ் நடத்தவில்லை.

'கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர்' என்பது அன்று சபை ஏற்ற முழக்கம். முதற் சொல்லைப் பாடநூல் ஓரளவு நிறைவேற்றும். மற்ற இரண்டையும் மன்றமும் திடலும் மேடையும் இன்றி எவரும் பயின்றதில்லை. இளைஞர்களே, அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் அமருங்கள், எழுந்து பேசுங்கள்.