மாதிரித் தொடருந்துக் கட்டுப்படுத்தி

மாதிரித் தொடருந்துக் கட்டுப்படுத்தி என்பது, சிறிய அளவில் செய்யப்பட்ட தொடருந்து எஞ்சின்களின் வேகத்தையும் திசையையும், தண்டவாளத்தின் வழியே செலுத்தப்படும் மின்சாரத்தின் மூலம் கட்டுப்படுத்தும் கருவி ஆகும். எல்லா எஞ்சின்களுக்கும் பொருந்தும் ஒரே கட்டுப்படுத்தி இல்லை. எஞ்சினில் உள்ள மின்னோடி (மோட்டார்) எவ்வகையானது, அது எவ்வளவு மின்னோட்டத்தை எடுக்கிறது என்பவற்றை அறிந்தே கட்டுப்படுத்தியைத் தெரிவு செய்ய வேண்டும். பொருந்தாத கட்டுப்படுத்தியினால் எஞ்சின் துள்ளி ஓடும்; சில வேளைகளில் மின்னோடி எரிந்தும் போகும்.

மின்சாரத்தின் வகை

இரு தண்டவாள முறையில் 12 வோல்ட் நேர்மின்னோட்டம் பரவலாகப் பயன்படுகிறது. ஓடும் திசையை நோக்கும்போது வலப்புறத் தண்டவாளம் நேர்மின்முனையாக இருந்தால் எஞ்சின் முன்னோக்கிச் செல்லும். மின்முனைகளை இடம் மாற்றினால் பின்னோக்கிச் செல்லும்.

செருமனியின் மார்க்லின் நிறுவனத்தினுடைய எச்ஓ அளவு எஞ்சின்கள் இதிலிருந்து வேறுபட்டவை. இவற்றின் மரபுவழி முறையில் சுமார் 16 வோல்ட் வரையான மாறுமின்னோட்டம், பாதையின் நடுவில் உள்ள தொடுபுள்ளிகள் வழியாகப் பெறப்படுகிறது. சுமார் 24 வோல்ட் துடிப்பு ஒன்றைக் கொடுத்துத் திசை மாற்றப்படுகிறது. நேர்மின்னோட்ட எஞ்சினை இத்தகைய மின்சாரத்தில் இயக்கினால், அது ஓடாது அதிர்ந்து சூடேறும்.

கட்டுப்படுத்தி வகைகள்

மாறுந்தடை வகை: மின்னோடியுடன் தொடராக இணைக்கப்பட்ட மின்தடையை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைப்பது பழைய முறை. இது மிகுந்த மின்னோட்டம் எடுக்கும் பழைய மின்னோடிகளுக்கே பொருந்தும். எடுத்துக்காட்டாக, 12 வோல்ட் மூலத்துடன் 40 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 0.25 ஆம்பியர் எடுக்கும் மின்னோடியாயின் தடையில் 10 வோல்ட் இழக்கப்பட்டு, மின்னோடிக்கு 2 வோல்ட் கிடைக்கும். எஞ்சின் மெதுவாக நகரும். 0.1 ஆம்பியர் மட்டும் எடுக்கும் புதிய மின்னோடியாயின் தடையில் 4 வோல்ட்டே இழக்கப்படும்; எஞ்சிய 8 வோல்ட்டும் மின்னோடிக்குச் செல்வதால் எஞ்சின் பாய்ந்து ஓடும்.

திரிதடைய வகை: திரிதடையம் (டிரான்சிஸ்டர்) கொண்டு வெளியீட்டு மின்னழுத்தத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துவது இவ்வகை. மின்னோடி எடுக்கும் மின்னோட்டம் மாறினாலும் மின்னழுத்தம் பெரிதும் மாறாது. சீரான நேர்மின்னோட்டம் தருவனவற்றைப் பெரும்பாலான எஞ்சின்களுக்குப் பயன்படுத்தலாம்.

துடிப்பு வகை: முழு மின்னழுத்தத்தைச் சிறு துடிப்புகளாக விட்டுவிட்டுக் கொடுப்பது இம்முறை. எஞ்சின் மிக மெதுவாகவும் தடையின்றியும் புறப்படும். ஆனால் இரும்பு உள்ளகம் இல்லாத மின்னோடிகள் குறைந்த அதிர்வெண் துடிப்புகளால் சூடேறிப் பழுதடையக்கூடும். அவற்றுக்குச் சீரான நேர்மின்னோட்டமே ஏற்றது.

பின்னூட்ட வகை: சுழலும் மின்னோடியே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தைத் துடிப்புகளுக்கு இடையில் அளந்து, ஏற்றத்திலும் இறக்கத்திலும் வேகத்தைச் சமமாக வைக்கும். உள்ளகமற்ற மின்னோடிகளுக்கு இதனையும் தவிர்த்தல் நன்று.

எண்ணிமக் கட்டுப்பாடு

இம்முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினிலும் உள்ள குறிவிலக்கி, தன் முகவரிக்கு வரும் கட்டளையை மட்டும் ஏற்று மின்னோடியை இயக்கும். எனவே ஒரே பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டலாம். செருமனியின் லென்சு நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரித் தொடருந்துச் சங்கம் 1990களில் பொதுத்தரம் ஒன்றை வகுத்தது. குறிவிலக்கி இல்லாத எஞ்சினை இப்பாதையில் வைத்தல் கூடாது. சாதாரணக் கட்டுப்படுத்தியையும் எண்ணிமக் கட்டுப்படுத்தியையும் ஒரே பாதையில் ஒருசேர இணைத்தலும் கூடாது.

பாதுகாப்பு

பிரித்தானியாவின் ஓர்ன்பி நிறுவனம் 1925இல் வெளியிட்ட முதல் மின்சாரத் தொடருந்து, வீட்டு மின்னிணைப்பின் உயர் மின்னழுத்தத்தில் இயங்கியது. இது ஆபத்தானது என்பதால் பின்னர் தாழ்ந்த மின்னழுத்த முறைக்கு மாறினர். இன்றும் வீட்டு மின்சாரத்தை மின்மாற்றி கொண்டு முற்றிலும் பிரித்துத் தரும் கட்டுப்படுத்தியையே வாங்க வேண்டும். தடம் புரண்ட பெட்டியின் இரும்புச் சக்கரம் இரு தண்டவாளங்களையும் இணைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். ஆகவே, மின்னோட்டத்தைத் தானாகத் துண்டிக்கும் அமைப்பும் அவசியம்.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

* எஞ்சினுக்குத் தேவை நேர்மின்னோட்டமா, மாறுமின்னோட்டமா, எண்ணிமக் கட்டளையா என்பது.
* மின்னோடியில் இரும்பு உள்ளகம் உண்டா என்பது.
* எஞ்சின் எடுக்கும் உச்ச மின்னோட்டம். எஞ்சினை நகரவிடாது தடுத்து, சக்கரங்கள் வழுக்கிச் சுழலும்போது தொடராக இணைத்த மின்னோட்டமானியால் இதனை அளக்கலாம்.
* ஒரே நேரத்தில் ஓடும் எஞ்சின்களின் எண்ணிக்கை. 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் ஒரு புதிய எஞ்சினுக்குப் பொதுவாக 1 ஆம்பியர் போதும். 45 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் பெரிய எஞ்சின்களுக்கு இதைவிடப் பல மடங்கு தேவைப்படலாம்.

கட்டுப்படுத்தியில் குறிக்கப்பட்ட ஆம்பியர் அளவு, அது தரக்கூடிய உச்ச அளவே. மின்னோடி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும் என்பதால், இயல்பான ஓட்டத்தில் ஆம்பியர் கூடிய கட்டுப்படுத்தியால் தீங்கில்லை. எனினும் குறுக்குச்சுற்றின்போது அந்த முழு மின்னோட்டமும் மெல்லிய கம்பிகளைச் சுட்டுவிடும் என்பதால், தேவைக்கு மிக அதிகமானதைத் தவிர்ப்பது நல்லது.

இவற்றையும் பார்க்கவும்

* மின்மாற்றி
* மின்னோடி
* ஓமின் விதி