சில்லும் சிறுதேரும் தக்ளியும்

குழந்தைகள் தம் கையாலோ வீட்டுப் பெரியவர்களின் துணையோடோ செய்துகொண்ட விளையாட்டுப் பொருள்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படுவது சான்றுகளின் பஞ்சமே ஆகும். மணலில் கட்டிய வீடு அடுத்த அலையோடு போய்விடும். கோரையில் முடைந்த பாவை ஒரு மழைக்குத் தாங்காது. குருத்தோலைக் காற்றாடி நான்கு நாளில் சுருண்டு குப்பையில் சேரும். மண்ணுக்கடியில் நின்று நிலைப்பது சுட்ட மண் ஒன்றே என்பதால், கீழடி உள்ளிட்ட தமிழகத் தொல்லியல் களங்களில் கிடைக்கும் வட்டச் சில்லுகளுக்குத் தனியொரு மதிப்பு உண்டு. உடைந்த பானை ஓட்டைத் தட்டி, விளிம்பைக் கல்லில் தேய்த்து வட்டமாக்கிய துண்டே சில்லு எனப்படுவது. அகழாய்வாளர் இவற்றைப் பெரும்பாலும் விளையாட்டுப் பொருள்களோடு சேர்த்தே பட்டியலிடுகின்றனர். எடைக்கல், பானை மூடி என வேறு பயன் கருதுவதற்கும் இடமுண்டு. எனினும் தரையில் கட்டம் கீறிச் சில்லை எறிந்து நொண்டியடித்துத் தாண்டும் பாண்டி ஆட்டத்துக்கு ஓட்டாஞ்சில்லைத் தேய்த்த பழக்கம் அண்மைக் காலம்வரை ஊர்தோறும் இருந்தது என்பதை நோக்கினால், அந்தத் துண்டுகளுள் ஒரு பகுதியேனும் சிறுவர் கையால் தேய்ந்தவையாகலாம் என்று எண்ணுவது மிகையாகாது.

மண் தராத சான்றைச் சங்க இலக்கியம் தருகிறது. ஆனால் அது தரும் சான்று ஒருசார்பானது. விளையாட்டுத் தேரைப் பற்றிய புகழ்பெற்ற இரு குறிப்புகளும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்ற ஒரே புலவருடையவை. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் காயும் நெல்லைத் தின்ன வரும் கோழியின்மீது எறிந்த பொற்குழை, சிறுவர் குதிரையின்றி உருட்டும் முக்காற்சிறுதேரின் வழியை மறிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும்படி புனைந்த தேரை உருட்டிக் களைத்த குழந்தைகள் செவிலித்தாயரிடம் பாலருந்திப் படுக்கையில் உறங்குகின்றனர். பொற்குழையும் செவிலியும் அமைந்த இவ்வீடுகள் செல்வர் வீடுகள் என்பதும், அத்தேர்கள் குழந்தையோ தந்தையோ செய்தவையல்ல, தொழில்முறைத் தச்சன் செய்து கொடுத்தவை என்பதும் வெளிப்படை. குறுந்தொகையின் 61ஆம் பாடலும், ஏறி ஊர முடியாவிட்டாலும் கையால் இழுத்தே சிறுவர் மகிழும் சிறுவண்டியைத் தச்சன் செய்தது என்றே கூறுகிறது. இன்று திருவிழாக் கடைகளில் விற்கும் மூன்று சக்கர நடைவண்டியை முக்காற்சிறுதேரின் நேர் வாரிசாகக் கொள்வோர் உளர். சக்கர எண்ணிக்கை பொருந்துகிறது. ஆனால் நடைவண்டி நடைபயிலும் குழந்தை பிடித்துத் தள்ளுவது, குறுந்தொகை வண்டி இழுத்து விளையாடுவது என்ற வேறுபாட்டையும் மறப்பதற்கில்லை.

பெரும்பாணாற்றுப்படையில் ஏங்கி நிற்கும் அந்தத் தச்சர் வீட்டுப் பிள்ளைகளைப் புறநானூறு வேறொரு கோலத்தில் காட்டுகிறது. அதன் 206ஆம் பாடலில், அதியமானின் வாயில்காவலனிடம் சினந்து பேசும் ஔவையார், கலை கற்றவர்க்கு எத்திசை சென்றாலும் சோறு கிடைக்கும் என்பதற்கு உவமையாக, கைத்திறன் வாய்ந்த தச்சச் சிறுவர் கோடரியோடு காட்டுக்குள் நுழைவதைச் சொல்கிறார். அவர்களுக்கு எந்த மரமும் உதவும். ஒரே தொழிற்குடியின் குழந்தைகள் ஒரு பாட்டில் பிறர் வீட்டு விளையாட்டுப் பொருளைப் பார்த்து ஆசைப்படுகின்றனர், மறு பாட்டில் கருவி ஏந்திப் பிழைப்புக்குப் போகின்றனர். குழந்தையின் கைவினை என்பது தமிழ்நாட்டில் தொடக்கம் முதலே விளையாட்டு, குலத்தொழில் என்ற இரண்டுக்கும் நடுவே நின்ற ஒன்று என்பதையும், அதில் எந்தப் பக்கம் ஒரு குழந்தைக்கு வாய்க்கும் என்பதைப் பிறந்த வீடே முடிவு செய்தது என்பதையும் இவ்விரு பாடல்களும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு உணர்த்தும்.

குழந்தைகள் தாமே செய்தவற்றை இலக்கியம் அறியாமலில்லை. அவற்றைப் பொருளாக அல்லாமல் செயலாகப் பதிந்து வைத்திருக்கிறது. சிற்றில் என்பது மணலால் கட்டும் சிறுவீடு. சிறுசோறு என்பது அவ்வீட்டில் மணலைச் சோறாகப் பாவித்துச் சமைப்பது. வண்டற்பாவை என்பது ஈரமண்ணில் பிடித்த பொம்மை. பஞ்சாய்ப்பாவை என்பது பஞ்சாய்க் கோரையைக் கிழித்து முடைந்த பொம்மை, ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் இடம்பெறுவது. கலித்தொகையின் 51ஆம் பாடலில் தலைவி நினைவுகூரும் குறும்புக்காரன், தெருவில் தோழியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் கலைத்தவன். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதும் சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று கண்ணனிடம் மன்றாடுவது. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியம், அதாவது கடவுளையோ அரசனையோ குழந்தையாகப் பாவித்து அதன் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பாடும் நூல்வகை, இவ்வழக்கத்தை இலக்கணமாகவே நிலைநிறுத்தியது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களான சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவற்றுள், பறையை ஆண்குழந்தை கொட்டும், தேரை உருட்டும், சிற்றிலை மட்டும் உதைத்துக் கலைக்கும். அதைக் கட்டியவர்கள் பெண்குழந்தைகள். கட்டுவது ஒருபாலுக்கும் கலைப்பது மறுபாலுக்கும் என்ற இந்தப் பங்கீட்டைப் புலவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இனிமையாகப் பாடியிருக்கின்றனர். கட்டியவளின் கைத்திறத்தைப் பாடியது குறைவு.

ஏட்டில் ஏறாத கைவினைகளுள் மிக விரிந்தது பனையைச் சுற்றி வளர்ந்ததாகும். பனையின் விரியாத இளமடல் குருத்தோலை எனப்படும். வெளிர்மஞ்சள் நிறத்தில், மடித்தால் வெடிக்காத மென்மையோடு இருப்பதால் நுண்ணிய முடைவேலைகளுக்கு அதுவே ஏற்றது. முற்றி விரிந்த ஓலை சாரோலை. அதை உலர்த்தி, முடையுமுன் நீரில் நனைத்துப் பதப்படுத்த வேண்டும். ஓலையின் நடுநரம்பான ஈர்க்கை உரித்தெடுத்தால் இருபுறமும் நீண்ட இதழ்கள் கிடைக்கும். அவ்விதழ்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து இறுக்கினால் நான்கு சிறகுக் காற்றாடி. அதன் நடுவில் கருவேல முள்ளைக் குத்திக் குச்சியில் பொருத்திக்கொண்டு ஓடினால் அது சுழலும். முள் தளர்வாக நுழையாவிட்டால் சுழலாது, மிகத் தளர்ந்தால் கழன்றுவிடும் என்ற நுட்பத்தைக் குழந்தை இரண்டு மூன்று ஓலைகளைப் பாழாக்கியே கற்றது. இதழ்களைப் பெட்டியாக முடைந்து உள்ளே சிறுகற்களை அடைத்தால் கிலுகிலுப்பை. தொட்டிற்குழந்தைக்கான இதனைப் பாட்டியோ அக்காளோ செய்வதே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். கோடையில் நுங்கைத் தோண்டி உண்டபின் மிஞ்சும் வெறுங்காய்கள் இரண்டை ஒரு குச்சியின் இருமுனைகளிலும் செருகினால் அச்சும் சக்கரமும் தயார். கவைக்கம்பு ஒன்றின் பிளவை அச்சின்மீது வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். தச்சனும் செவிலியும் இல்லாத வீட்டுச் சிறுவனின் சிறுதேர் இதுவே என்று சொல்லலாம்.

இவ்வகைக் கைவேலையைக் கல்வியாக்க இயலுமா என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டில் அரசியலாயிற்று. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டையடுத்து, ஜாகிர் உசேன் தலைமையிலான குழு, தமிழ்நாட்டில் ஆதாரக் கல்வி எனப்பட்ட திட்டத்தை வகுத்தது. கைத்தொழிலை நடுவில் வைத்து அதன் வழியாகவே கணக்கு, மொழி, அறிவியல் ஆகியவற்றைக் கற்பிப்பது அதன் கோட்பாடு. நாளொன்றுக்கு 5 மணி 30 நிமிடப் பள்ளி நேரத்தில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. அக்குழுவில் தஞ்சை மண்ணில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும், இலங்கைத் தமிழரும் சாந்திநிகேதனில் பணியாற்றியவருமான ஈ. டபிள்யூ. ஆரியநாயகமும் இடம்பெற்றனர், ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும் பின்னர் சேவாகிராமத்திலிருந்து இக்கல்வியைப் பரப்பினர். தமிழ்நாட்டின் ஆதாரப் பள்ளிகளில் இதன் அடையாளமாக நின்றது தக்ளி: வட்டத் தகட்டில் செருகிய மெல்லிய கம்பியைச் சுழற்றிப் பஞ்சை நூலாக இழுக்கும் கைக்கருவி. குழந்தைகளின் உழைப்பு விற்பனைப் பொருளாகிவிடும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அது புறக்கணிக்கத்தக்க விமர்சனமும் அன்று. ஆயினும் எந்தக் குலத்துக் குழந்தையாயினும் ஒரே தக்ளியைச் சுழற்ற வேண்டும் என்பதில் ஒரு சமத்துவம் இருந்தது.

1953இல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் அந்தச் சமத்துவம் இல்லை. பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் மேலும் பல குழந்தைகளைச் சேர்க்க, ஊரகத் தொடக்கப் பள்ளிகளின் நேரம் நாளுக்கு 3 மணியாகக் குறைக்கப்பட்டு இரண்டு முறைகளாகப் பிரிக்கப்பட்டது. மீதி நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டிலேயே பெற்றோரோடு கைவேலை பழகுவது என்று சொல்லும்போது இனிமையாக ஒலிக்கும் இது, தொழில் பிறப்பால் அமைந்த ஊரில் நடைமுறைக்கு வரும்போது, குயவர் மகன் சக்கரத்துக்கும் சலவைத் தொழிலாளர் மகள் துறைக்கும் திரும்புவதாகவே பொருள்பட்டது. நகரப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்பது ஐயத்தை வலுப்படுத்தியது. பெரியாரும் திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு வலுத்தது. பருலேகர் தலைமையில் அமைந்த குழு திட்டத்தை ஆராய்ந்தது. 1954இல் இராஜாஜி பதவி விலகிக் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. கைவேலை என்ற சொல்லின்மேலேயே ஒரு ஐயப்பாடு தமிழ்நாட்டுக் கல்விப் பேச்சில் நெடுங்காலம் படிந்திருந்ததற்கு இந்த ஓராண்டு நிகழ்வு முதன்மையான காரணமாகும். எதிர்த்தவர்கள் கைத்திறத்தை இழிவாகக் கருதினர் என்று கூறுவது பிழை. ஔவையார் பாடிய சிறுவன் கோடரியைத் தானே தேர்ந்தெடுத்தானா என்பதுதான் அவர்கள் எழுப்பிய வினா.

பனையோலை முடைவு இன்று பெருநகரங்களில் விடுமுறைக்கால வகுப்பாகக் கட்டணத்துக்குக் கற்பிக்கப்படுகிறது. அதே முடைவு தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பெண்கள் பெட்டியும் கடகமும் பின்னி விற்றுக் குடும்பம் நடத்திய தொழிலாகும். இலங்கையில் 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் பணிகளில் இக்கைப்பணியும் ஒன்று. அவ்வீடுகளில் தாய் பெட்டி முடைகையில் கழித்துப்போட்ட துண்டு ஓலைகளே குழந்தைக்குக் காற்றாடியும் கிலுகிலுப்பையும் ஆயின. விற்பனைக்கான ஓலையைத் தொட்டால் அடி விழும். நுங்கு வண்டிக்கு அந்தத் தடையும் இல்லை. அதன் சக்கரங்கள் இரண்டு மூன்று நாளில் வாடிக் குழிவிழுந்ததும் மாட்டுத் தொட்டிக்குப் போயின. அச்சுக்குச்சியும் கவைக்கம்பும் மட்டும் அடுத்த நுங்கு வெட்டுக்காகக் கூரை இறவாரத்தில் செருகப்பட்டன.