ஸ்பெஷல் நாடக வேடங்களில் பால் மாற்றம்

மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரங்களில் கோயில் திருவிழாவுக்கு விடிய விடிய நடப்பது ஸ்பெஷல் நாடகம். நடிகரின் பாலும் வேடத்தின் பாலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று இந்த மரபு கேட்டதில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் வள்ளி, பவளக்கொடி போன்ற நாயகி வேடங்களில் நடித்தவர்கள் சிறுவர்களே. குரல் உடைந்தால் ஸ்திரீபார்ட் எனும் பெண் வேடம் கைவிட்டுப் போகும். நடிகர் டி.கே. சண்முகமோ வளர்ந்த பின் ஔவையாராக நடித்து, ‘ஔவை’ என்ற அடைமொழியோடே நிலைத்தார். மறுபக்கம், கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்தினார், கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடமான நந்தனாராகவே வந்தார்.

வேடத்தில் இருந்த தாராளம் கதையில் இல்லை. ஆண்களை அண்டவிடாமல் மதுரையை ஆண்ட அல்லி, அர்ஜுனனின் சூழ்ச்சியால் தாலிக்குள் வருகிறாள்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் அன்றிரவுதான் கூடுகிறார்கள். பாட்டு தெரியும், வள்ளி–நாரதர் தர்க்கம் எங்கே போய் நிற்கும் என்பது தெரியாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளுக்கு நம் ஊரில் நெருங்கிய உறவு இதுதான். வேடத்தின் பால் பற்றிய கேள்வி அங்கும் உண்டு. அவற்றில் முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (1974), 1978 விதிநூலில் பெண் பாத்திரத்தின் உடல் வலிமைக்கு உச்சவரம்பு வைத்திருந்தது; ஆண், பெண் என்ற இரண்டுக்குள் பாத்திரம் அடங்க வேண்டியதில்லை என 2014 பதிப்பு சொன்னது. ஸ்பெஷல் நாடகத்திலோ இன்று ஸ்திரீபார்ட் பெரும்பாலும் பெண்களுடையது.