பர்மாவில் கடை, சீனாவில் சிவப்புத் தொப்பி: பணமும் அரசும் பற்றி ஒரு த்ரெட்

1/ நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல கடியாபட்டி, ராயவரம், விராச்சிலை பக்கம் போயிருக்கீங்களா? அரண்மனை மாதிரி நகரத்தார் வீடுகள், பல வீடு பூட்டியே கிடக்கும். "பர்மாவுல எல்லாம் போச்சு"னு ஒரே வரியில சொல்லிடுவாங்க. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இருக்குற அரசியலைப் பார்ப்போம்.

2/ 1852-ல கீழ் பர்மா பிரிட்டிஷார் வசமானது. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவுல கிராக்கி. காட்டைத் திருத்தி வயலாக்க விவசாயிக்குப் பணம் வேணும். ஐரோப்பிய வங்கிகள் அவருக்கு நேரடியா கடன் தராது. செட்டியார் கடைகள் கொடுத்தன. சாதி, கோயில், கல்யாண உறவு இதெல்லாம்தான் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அஸ்திவாரம்னு டேவிட் ரட்னர் 1994-ல வந்த தன் நூல்ல விரிவா காட்டுறார்.

3/ 1930-ல உலக மந்தம். நெல் விலை சரிஞ்சது, கடன் நின்னது, அடமான நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930-ல சுமார் 6% நிலம் செட்டியார்கள் கையில. 1938-ல சுமார் 25%. லேவாதேவிக்காரருக்குத் தேவை பணம், நிலம் இல்ல. ஆனா நிலத்தை இழந்த பர்மிய விவசாயி அதை அப்படியா பார்ப்பார்?

4/ 1942-ல ஜப்பான் படை வந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினாங்க, பலர் நடந்தே. 1948-ல நில தேசியமயச் சட்டம். 1962-ல நே வின் ஆட்சி, அடுத்த வருசமே வங்கிகளும் அரசுடைமை. பிரிட்டிஷ் கோர்ட்டும் பத்திரமும் காப்பாத்தும்னு நம்பின சொத்து, அந்த அரசு போனதும் போச்சு.

5/ இப்ப சீனா. கெல்லி சாய்னு ஒரு அரசியல் அறிஞர், 2002-ல சீனத் தனியார் வியாபாரிகளைப் பத்தி நூல் எழுதினார். அரசு வங்கி அவங்களுக்குக் கடன் தர்றது அபூர்வம். நம்ம ஊர் சீட்டு மாதிரி ஏற்பாடுகள்லதான் பணம் புரட்டினாங்க. சொந்தக் கம்பெனியைக் 'கூட்டுடைமை'ன்னு பதிஞ்சு வச்சவங்களும் உண்டு. அதுக்குப் பேரு சிவப்புத் தொப்பி போடுறது!

6/ பணக்காரங்க பெருகினா ஜனநாயகம் கேட்பாங்கன்னு பலரும் எதிர்பார்த்தாங்க. பெரும்பாலும் கேக்கல. 2001-ல கட்சியே அவங்களுக்குக் கதவைத் திறந்தது, பலர் உள்ளே போனாங்க. அப்படியும் 2020 நவம்பர்ல ஜாக் மாவோட ஆன்ட் நிறுவனப் பங்கு வெளியீடு, சந்தைக்கு வர ரெண்டு நாள் இருக்கும்போது நிறுத்தப்பட்டது.

7/ செட்டியார் அந்நிய அரசை நம்பினார். சீன வியாபாரி சொந்த அரசோட ஒட்டிக்கிட்டார். ரெண்டு பேர் சொத்துக்கும் ஆயுசு அரசு கையிலதான் இருந்தது.

8/ ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பரண்ல பர்மா பத்திரமோ பழைய கணக்கு நோட்டோ இருந்தா எடைக்குப் போட்டுடாதீங்க. யார் எவ்வளவு கடன் வாங்கினார், எந்த வயல் எப்ப கைமாறிச்சுன்னு அதுலதான் இருக்கும். நிலத்தை இழந்த அந்த விவசாயியோட பேரும் அதுலதான் இருக்கும்.