பேண்ட்ரி கார் ஆசாமி யாரோட ஆள்?

ஹைதராபாத்லேர்ந்து டெல்லி சுமார் 1,670 கிலோமீட்டர். தெலங்கானா எக்ஸ்பிரஸ்ல ஏறினா ஒரு பகல், ஒரு ராத்திரி, அதுக்கு மேலயும் கொஞ்சம். (1976ல ஓட ஆரம்பிச்ச ஏ.பி. எக்ஸ்பிரஸ்தான் இது. 2014ல மாநிலம் பிரிஞ்சதும் பேர் மாறிடுச்சு.) வண்டி டெல்லி போய்ச் சேர்றதுக்குள்ள டிரைவர் பல தடவை மாறிடுவார். கார்டும் மாறிடுவார், அவரை 2022லேர்ந்து டிரெயின் மேனேஜர்னு கூப்பிடறாங்க. கறுப்புக் கோட்டு போட்ட டி.டி.இ.யும் மாறிடுவார். இறங்கினவங்களுக்கு ரன்னிங் ரூம், ரெஸ்ட் ரூம் எல்லாம் உண்டு. இத்தனை மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாதுன்னு விதி உண்டு.

மாறாம கடைசி வரைக்கும் கூடவே வர்றவங்க யாருன்னா பேண்ட்ரி கார்ல சமைக்கிறவங்க, தட்டைத் தூக்கிட்டு நடக்கிறவங்க, ஏ.சி. பெட்டியில போர்வை கொடுக்கறவங்க.

கவனிச்சீங்களா? மாறுற அத்தனை பேரும் ரயில்வே ஊழியர்கள். மாறாதவங்க பெரும்பாலும் யாரோ ஒரு கான்ட்ராக்டரோட ஆட்கள்.

ஊரை விட்டு வந்து ஹைதராபாத்ல பொட்டி தட்டற நமக்கெல்லாம் ரயில் பாதி வீடு மாதிரி. தீபாவளி, பொங்கல்னு வருஷத்துக்கு நாலு தடவையாவது போய் வர்றோம். “பேண்ட்ரி சாப்பாடு வாயில வைக்க முடியல”ன்னு திட்டாத ஆள் நம்மள்ல கிடையாது. ஆனா அந்தச் சாப்பாட்டை யார் கொண்டு வர்றாங்க, அவங்க யாரோட ஆள்? இந்தக் கேள்விக்குப் பின்னால பெரிய சரித்திரமே இருக்கு.

வாடி வழியா வந்த காலம்

பம்பாய் – மதராஸ் ரயில் பாதை 1871ல இணைஞ்சது. ஹைதராபாத் அந்தப் பாதையில இல்லை. நிஜாம் தன் தலைநகருக்காக வாடியிலேர்ந்து ஒரு கிளை போட்டார். அது 1874ல திறந்தது. அந்தக் காலத்துல நம்ம ஆள் ஒருத்தர் மதராஸ்லேர்ந்து இங்க வரணும்னா ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர்னு மேற்கே போய், வாடியில வண்டி மாறி, திரும்பக் கிழக்கே வரணும். மூக்கைச் சுத்தித் தொடற கதைதான். அத்தனை நேரமும் வயிறு சும்மா இருக்குமா?

அப்போ பெட்டிக்குப் பெட்டி நடந்து போக வழி கிடையாது. ஒரு பெட்டியில ஏறினா அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் அதுக்குள்ளதான். அதனால சாப்பாட்டு நேரத்துக்கு வண்டியைப் பெரிய ஸ்டேஷன்ல நிறுத்திடுவாங்க. முதல் வகுப்பு துரைமார் இறங்கி ரிஃப்ரெஷ்மெண்ட் ரூமுக்குப் போவாங்க. எத்தனை பேர் சாப்பிடப் போறாங்கன்னு முன்னாடி ஸ்டேஷன்லேர்ந்தே தந்தி போயிடும். அப்புறம் பெரிய மெயில் வண்டிகள்ல டைனிங் கார் சேர்த்தாங்க. அதுலயும் ஒரு ஸ்டேஷன்ல இறங்கி டைனிங் காருக்கு ஏறணும்; சாப்பிட்டு முடிச்சு இன்னொரு ஸ்டேஷன் வந்தாதான் தன் பெட்டிக்குத் திரும்ப முடியும்.

இந்த ரூம்களையும் டைனிங் கார்களையும் ரயில் கம்பெனிகள் பெரும்பாலும் தாங்களே நடத்தலை. கல்கத்தா பக்கம் கெல்னர், பம்பாய் பக்கம் பிராண்டன், நம்ம பக்கம் மவுண்ட் ரோடு ஸ்பென்சர். பட்லர், குக்கு, பேரர் எல்லாம் அந்தந்தக் கம்பெனியோட ஆள். தண்டவாளம் ரயில்வேயோடது, சூப் ஸ்பென்சரோடது! நூத்தைம்பது வருஷமா நடக்கற விஷயத்துக்கு விதை போட்டது இங்கதான்.

ரெண்டு தண்ணி, ரெண்டு ரூம்

அதெல்லாம் துரைமார் கதை. நம்ம ஜனங்களுக்கு? வடக்கே ஸ்டேஷன்ல ஹிந்து தண்ணி தனி, முஸ்லிம் தண்ணி தனி. ஹிந்துக்களுக்குத் தண்ணி ஊத்த ஒரு பிராமணர் இருப்பார். அவருக்கு ‘பானி பாண்டே’ன்னே பேர். யார் கையால தண்ணி வாங்கறோம்ங்கறதுதான் அங்க வேலைக்கான தகுதி.

தெற்கே இன்னொரு படி மேல. ஹிந்து சாப்பாட்டு அறைக்குள்ளயே பிராமணாளுக்குத் தனி இடம், இதராளுக்குத் தனி இடம். டிக்கெட் ஒரே விலை, ஆனா உட்கார்ற இடம் வேற. பெரியாரும் நீதிக்கட்சியும் இதை எதிர்த்துக் குரல் கொடுத்து, 1941ல ரயில்வே உணவகங்கள்ல இந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. சாப்பிடறவங்களுக்குள்ள இருந்த கோடு அன்னிக்கு அழிஞ்சது. பரிமாறுறவங்களுக்கும் ரயில்வேக்கும் நடுவுல இருந்த கோடு அப்படியே இருந்தது.

அழகேசனும் கமிஷனும்

சுதந்திரத்துக்கு அப்புறம் ரயில்வே சாப்பாட்டைப் பத்தி ஏகப்பட்ட புகார். அப்போ ரயில்வே துணை அமைச்சரா இருந்தவர் நம்ம செங்கல்பட்டுக்காரர் ஓ.வி. அழகேசன். 1954ல அவர் தலைமையில ஒரு குழு போட்டாங்க. அதுக்கப்புறம் பல இடங்கள்ல கான்ட்ராக்டர்களை எடுத்துட்டு ரயில்வேயே உணவகம் நடத்த ஆரம்பிச்சது. 1955ல பெரம்பூர்ல ஐ.சி.எஃப். தொடங்கிச்சு. 1956ல டெல்லி – ஹவுரா நடுவுல உள்ளேயே நடந்து போகக்கூடிய ஏ.சி. வண்டி ஓடிச்சு. பெட்டிக்குப் பெட்டி வழி திறந்ததும், சாப்பிடறவர் உட்கார்ந்த இடத்துல உட்கார, பேரர் தட்டோட நடக்க ஆரம்பிச்சார். டைனிங் கார் மெல்ல மறைஞ்சு பேண்ட்ரி கார் வந்தது இப்படித்தான். (புனே – மும்பை டெக்கான் குயீன்ல மட்டும் மேசை போட்ட டைனிங் கார் விடாப்பிடியா இருக்கு. அது 1930ல ஆரம்பிச்ச வண்டி.)

சரி, ரயில்வேயே நடத்தினா பேரர் ரயில்வே ஊழியர் ஆயிடுவார்தானே? அதுதான் இல்லை. ஒரு பகுதி ஆளுங்களை ‘கமிஷன் பேரர்’, ‘கமிஷன் வெண்டர்’னு வெச்சாங்க. சம்பளம் கிடையாது, வித்ததுல பங்கு. வண்டி காலியா ஓடினா கையும் காலி. ரயில்வே உடுப்பு, ரயில்வே தட்டு, ரயில்வே காபி; ஆள் மட்டும் ரயில்வே இல்லை!

இவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. கமிஷன் பேரர்களையும் வெண்டர்களையும் படிப்படியா வேலையில சேர்த்துக்கணும்னு 1983ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. அடுத்து வந்தது தெற்கு ரயில்வே கேட்டரிங் துப்புரவுத் தொழிலாளர்கள் வழக்கு. ஸ்டேஷன் உணவகத்தையும் பேண்ட்ரி காரையும் கழுவித் துடைக்கிற முன்னூத்துச் சொச்சம் பேர். எல்லாரும் ஒப்பந்தக் கூலி. தீர்ப்பு 1987 பிப்ரவரி. எழுதினவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி; இங்க ஆந்திர உயர் நீதிமன்றத்துல நீதிபதியா இருந்தவர். வருஷம் முழுக்க இருக்கிற வேலை, ரயில்வேக்கு அவசியமான வேலை, இதுக்கு எதுக்கு ஒப்பந்த ஆள்ங்கறதுதான் தீர்ப்போட சாரம். 1970 வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி முடிவெடுக்க மத்திய அரசுக்கு ஆறு மாசம் கெடு. ரயில்வேயே நேரடியா செய்யறதா இருந்தா இதே ஆட்களை, இதே வேலைக்குத் தான் கொடுக்கிற சம்பளத்துல வெச்சுக்கணும்னும் சொல்லியிருக்கு.

இந்த ரெண்டு தீர்ப்பும் பல பேர் வீட்டுல அடுப்பெரிய வெச்சது. ஆனா கதவு முழுசா திறக்கலை. ஏன்னு அப்புறம் பார்ப்போம்.

ஜார்ஜுன்னு ஒரு பொதுப் பேர்

நடுவுல ஒரு அமெரிக்கக் கதை. அங்க தூங்கும் பெட்டிகளை நடத்தினது புல்மன் கம்பெனி. படுக்கை போட, ஷூ துடைக்க, கூப்பிட்ட குரலுக்கு ஓட, எல்லாத்துக்கும் கறுப்பின போர்ட்டர்கள். முதலாளி ஜார்ஜ் புல்மன்ங்கறதால பயணிகள் இவங்க எல்லாரையும் ‘ஜார்ஜ்’னே கூப்பிடுவாங்க, ஆளுக்குன்னு ஒரு பேர் இருக்குங்கறதே இல்லாம. இவங்களும் ரயில் கம்பெனியோட ஆள் இல்லை, புல்மனோட ஆள். வருமானத்துல பெரும்பங்கு டிப்ஸ்.

1925ல ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில சங்கம் ஆரம்பிச்சாங்க. பன்னெண்டு வருஷம் போராடி 1937ல புல்மன் கையெழுத்துப் போட்டது. மாசம் 400 மணி நேரமா இருந்த வேலை 240 ஆச்சு. அதே ராண்டால்ஃப்தான் 1963 வாஷிங்டன் பேரணிக்கும் தலைமை தாங்கினவர். வேலை மணி நேரத்தை எண்ண ஆரம்பிச்சவங்க எங்க போய் நின்னாங்க பாருங்க.

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம ஹைதராபாத்லயே ஒரு உதாரணம் இருக்கு. நிஜாம் ரயில்வே 1932ல 27 பஸ், 166 ஊழியர்களோட பஸ் சர்வீஸ் ஆரம்பிச்சது. அந்த டிரைவரும் கண்டக்டரும் ரயில்வேயோட சொந்த ஆள். அதோட வாரிசுதான் ஆர்.டி.சி. 2023ல தெலங்கானா சட்டசபை ஆர்.டி.சி.யோட சுமார் 43,000 ஊழியர்களை அரசு ஊழியரா எடுத்துக்கச் சட்டம் நிறைவேத்திச்சு. முதல்லேயே “இவர் நம்ம ஆள்”னு எழுதினதுக்கும் எழுதாததுக்கும் இவ்வளவு வித்தியாசம்.

பந்து விளையாட்டு

1999ல ஐ.ஆர்.சி.டி.சி. வந்தது. 2005 கொள்கைப்படி சாப்பாட்டு வேலை ரயில்வே கையிலேர்ந்து அவங்க கைக்குப் போச்சு. 2010ல மம்தா பானர்ஜி அமைச்சரா இருந்தப்போ அது மண்டல ரயில்வேக்களுக்கே திரும்பிடுச்சு. 2017ல சுரேஷ் பிரபு காலத்துல மறுபடியும் ஐ.ஆர்.சி.டி.சி. பன்னெண்டு வருஷத்துல மூணு தடவை கை மாறினது. இந்த மாத்தி மாத்தித் தூக்கிப் போடறதே குழப்பத்துக்குக் காரணம்னு 2017 ஜூலையில வந்த சி.ஏ.ஜி. அறிக்கையும் சொல்லிச்சு. 74 ஸ்டேஷன், 80 வண்டி பார்த்து எழுதின அறிக்கை. கெட்டுப்போன சாப்பாடு, குழாய்த் தண்ணியில பானம்னு பேப்பர்ல எல்லாம் வந்தது. நாமளும் படிச்சு முகம் சுளிச்சோம்.

ஆனா கீழ நிக்கிற ஆளுக்கு இது என்னன்னு யோசிங்க. மேல யார் வந்தாலும் கீழ ஒரு கான்ட்ராக்டர். டெண்டர் மாறினா அவரும் மாறுவார். பேரர் பத்து வருஷம் அதே வண்டியில நடந்திருந்தாலும் புது முதலாளிகிட்ட அவர் புது ஆள். வேலையை ரயில்வே நேரடியா செஞ்சாதான் அந்தக் கோர்ட் தீர்ப்புகளுக்குப் பிடிமானம். வேலையையே வெளியே கொடுத்துட்டா பிடிக்கறதுக்கு என்ன இருக்கு? கதவு திறக்காததுக்கு இதுதான் காரணம்.

ஒரு தடவை ராத்திரி பதினோரு மணிக்கு, கடைசி டீயை வித்துட்டு கதவோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தர்கிட்ட அரைகுறை ஹிந்தியில பேச்சுக் கொடுத்தேன். மத்தியப் பிரதேசத்துக்காரர். ஒரு டிரிப் போய்ட்டு வந்தா இவ்வளவுன்னு கணக்கு. விக்காம திரும்பின தட்டுக்குக் கையிலேர்ந்து பிடிப்பாங்களாம். எங்க தூங்குவீங்கன்னு கேட்டேன். “இடம் இருக்கிற எடத்துல”ன்னு சிரிச்சார். விடிகாலை நாலு மணிக்கு முதல் டீ போகணும். எங்க ரிலீஸ் நேரத்துல மூணு ராத்திரி முழிச்சாலே மெயில் போட்டுக் காம்ப்-ஆஃப் கேட்கிற கூட்டம் நாம :)

2020 மார்ச் 22 நள்ளிரவோட பயணிகள் ரயில் மொத்தமும் நின்னது. கொஞ்ச நாள்ல வண்டி ஓட ஆரம்பிச்சாலும் சமைச்ச சாப்பாடு வரலை. எல்லா வண்டியிலயும் அது முழுசா திரும்பினது 2022 பிப்ரவரி 14. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். டிரைவருக்கும் கார்டுக்கும் அந்த மாசங்கள்ல சம்பளம் வந்தது. டிரிப் கணக்குல வாழ்றவருக்கு டிரிப்பே இல்லைன்னா?

இனிமே

2023 ஜனவரியில சிகந்திராபாத் – விசாகப்பட்டினம் வந்தே பாரத் ஆரம்பிச்சாங்க. அதுல தனிப் பேண்ட்ரி கார் கிடையாது. சாப்பாடு தரையில இருக்கிற கிச்சன்லேர்ந்து ஏறுது, வண்டியில சூடு பண்ணிக் கொடுக்கறாங்க. 2014லேர்ந்து ஈ-கேட்டரிங் இருக்கு. 2024 மார்ச்ல ஸ்விக்கியும் சேர்ந்து விஜயவாடா, விசாகப்பட்டினம் உட்பட நாலு ஸ்டேஷன்ல சீட்டுக்கே கொண்டு வர ஆரம்பிச்சாங்க. சிவப்புச் சட்டைப் பேரருக்குப் பதிலா ஆரஞ்சு டி-ஷர்ட் பையன். அவரும் ஊழியர் இல்லை, ‘பார்ட்னர்’. கெல்னர் காலத்துக் கணக்கு செயலிக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான்.

சாப்பாடு சரியில்லைன்னா 139க்கு அடிக்கிறோம், ரயில் மதத்ல புகார் போடறோம். போடணும், காசு கொடுக்கறோம், கேட்க உரிமை உண்டு. அதே பக்கத்துல இன்னொரு வரியும் எழுதலாம்: இந்த வண்டியில சாப்பாடு கொடுக்கிறவங்களுக்குப் படுக்க இடம் இல்லை, தூங்க நேரம் இல்லைன்னு. டிரைவருக்கு ரெஸ்ட் இல்லைன்னா வண்டிக்கு ஆபத்துன்னு ரயில்வேக்கு நல்லாத் தெரியும். ரெண்டு ராத்திரி தூங்காத ஆள் கொதிக்கிற சாம்பார் வாளியோட ஆடற வண்டியில நம்ம குழந்தைங்களைத் தாண்டி நடக்கிறதும் ஆபத்துதான். அதையும் யாராவது சொல்லணும் இல்லையா? அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ நான் எழுதப் போறேன். நீங்களும் எழுதுங்க.