நியமனமும் மக்கள் ஆணையும்

சேலத்தில் 1900-இல் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கி, 1917-இல் அந்நகராட்சியின் தலைவராக உயர்ந்தவர் இராஜாஜி. பின்னர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் வீற்றிருந்த அப்பெருமகனார், 1952-இல் சென்னை முதலமைச்சரான வரலாற்றை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் சட்டமன்றத்தின் 375 இடங்களுள் காங்கிரஸ் பெற்றவை 152 மட்டுமே. எதிர்க்கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஒன்றுகூடி ஆட்சியுரிமை கோரின. ஆளுநர் ஸ்ரீபிரகாசாவோ, தேர்தலில் நில்லாத இராஜாஜியைச் சட்ட மேலவைக்கு நியமித்து, ஆட்சியமைக்க அழைத்தார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகப்பணி ஆகியவற்றில் சிறந்தோரை மேலவைக்கு நியமிக்கவே அரசியல் சட்டத்தின் 171-ஆவது பிரிவு வகை செய்கின்றது. அறிஞர்க்கென அமைந்த வாயில், முதலமைச்சர் நுழையும் வாயிலாயிற்று. பி. இராமமூர்த்தி தொடுத்த வழக்கை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஜூலை 3-ஆம் நாள் நம்பிக்கைத் தீர்மானம் 200-க்கு 151 என நிறைவேறிற்று. காயிதே மில்லத் அவர்களின் முஸ்லிம் லீகும் இராஜாஜிக்குத் துணைநின்றது. அதன் உறுப்பினர் ஐவரே. ஆகவே, இதனைப் பிறர் கதையென்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

குலக்கல்வித் திட்டத்திற்கு எழுந்த எதிர்ப்பால் 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து முதல்வரான காமராசர் மேலவையை நாடவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்கள்முன் நின்று வென்றார்.

தமிழக மேலவை 1986-இல் ஒழிக்கப்பட்டது. எனினும், ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோயைக் குடியரசுத் தலைவர் 2020-இல் மாநிலங்களவைக்கு நியமித்தபோது, பழைய வினாவே மீண்டும் எழுந்தது: சட்டம் இடந்தருவதெல்லாம் முறையாகிவிடுமா? அவ்வினாவிற்குக் குடியாத்தம் அளித்த விடையே நமக்குச் சாலச் சிறந்ததாகத் தோன்றுகின்றது.